இறைச்சியைத் தாங்கும் பைக்கும் தூய்மை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டம் இடமளிக்கும் நாடுகளில் முறையாக உரிமம் பெற்று உணவுக்காக மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுகிறவர்களும், அவர்கள் கொண்டுவரும் இறைச்சியைச் சமைத்து உண்கிறவர்களும் தங்கள் நாளிதழின் வாசகர்களிடையே இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். வேட்டை இறைச்சியின் தூய்மை என்று பேச்சு வந்தால் கத்தியைப் பற்றியும், குளிர்பெட்டியைப் பற்றியும், உறையவைத்த இறைச்சி எத்தனை மாதம் தாங்கும் என்பதைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம். ஆனால் வெட்டிய இறைச்சியைக் காட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை தொட்டுக்கொண்டே வருகிற துணிப்பையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. துவைத்துத் துவைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தத்தக்க பைகள் பரவலாகிவிட்ட இந்நாளில் இந்தக் குறை சிறியதன்று. சரியாகத் துவைக்கப்படாத பை, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பையைவிடக் கேடானது என்பது என் உறுதியான கருத்து.

பையின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். விலங்கை உரித்துத் துண்டங்களாக்கியவுடன் அந்த இறைச்சி உடற்சூட்டோடு இருக்கும். சூடு விரைவாக இறங்க வேண்டும், மேற்பரப்பின் ஈரம் காய்ந்து மெல்லிய பொருக்குப் போலப் படிய வேண்டும், ஈயும் மண்ணும் சருகும் அண்டாமலிருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரச் செய்வதற்காகவே காற்று புகும்படி நெய்த துணிப்பையில் இறைச்சியை இட்டுத் தொங்கவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு இறைச்சி புழுங்கிப்போகும். ஆக, துணியின் கண்கள் திறந்திருப்பதுதான் இந்தப் பையின் உயிர்நிலை. சென்றமுறை படிந்த ரத்தமும் கொழுப்பும் அந்தக் கண்களை அடைத்துவிட்டால், பார்வைக்குத் துணியாக இருந்தாலும் செயலில் அது பிளாஸ்டிக் பையாகவே ஆகிவிடுகிறது. துவைப்பதை அழகுக்காகச் செய்யும் வேலையாக நினைப்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

முன்பு பெரும்பாலும் மெல்லிய பருத்தி வலைத்துணிப் பைகளே வழக்கத்தில் இருந்தன. விலை மலிவு என்பதால் ஒரு வேட்டையோடு அவற்றை எறிந்துவிடுவார்கள். இன்று கெட்டியான பருத்திப் பைகளும், எடை குறைந்த நைலான், பாலியெஸ்டர் பைகளும் கிடைக்கின்றன. செயற்கை இழைப் பைகள் ஈரத்தை உள்ளிழுக்காமல் விரைவில் உலர்கின்றன, கிழிவது குறைவு, மடித்தால் கையளவுக்குள் அடங்குகின்றன. பருத்தியோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; ஆயினும் கொதிநீரைத் தாங்கும் என்ற பெரிய நன்மை அதற்கு உண்டு. இவ்விரு வகைகளையும் ஒரே மாதிரித் துவைக்கக் கூடாது. ஆனால் தொடக்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: குளிர்ந்த நீர்.

இந்த ஒன்றில்தான் மிகுதியானவர்கள் தவறுகிறார்கள். அழுக்கு அதிகமென்றால் நீரும் சூடாக இருக்க வேண்டும் என்ற பொதுவான எண்ணத்தில், வீட்டுக்கு வந்ததும் பையை வெந்நீரில் போட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் நீருக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது புரதம். கொதிநீரில் ஊற்றிய முட்டையின் வெள்ளைக்கரு எப்படி உடனே கட்டிப்படுகிறதோ, அப்படியே ரத்தத்திலுள்ள புரதமும் சூடு பட்டவுடன் இறுகி இழைகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதன்பின் எத்தனை முறை தேய்த்தாலும் கறை முழுமையாக விடுவதில்லை. கறை நிற்பதோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; இறுகிய புரதத்தின் இடுக்குகளில் நுண்ணுயிரிகள் தங்க இடம் கிடைத்துவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. ஆகவே, ரத்தம் போகும்வரை வெந்நீர் பையை அணுகவே கூடாது. குழாயில் வரும் நீர் வெயிலில் சூடாகியிருந்தால் அதைக்கூட ஆறவைத்துப் பயன்படுத்துவது நல்லது.

நேரமும் அதே அளவு முக்கியம். ஈரமாக இருக்கும் ரத்தம் நீரில் எளிதாகக் கரைகிறது. காயக்காய அது பழுப்பு நிறமாக மாறி இழையோடு பிணைந்துகொள்கிறது. இறைச்சியை இறக்கிய அன்றே பையையும் நீரில் போட்டுவிட வேண்டும். களைத்து வந்த உடலுக்கு அது பெரும்பாடுதான் என்பதை அறிவேன். அன்று இயலாதென்றால், பையை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உணவுப் பொருள்களோடு ஒட்டாதபடி உறைபெட்டியில் வைத்துவிடலாம். உறைநிலையில் நுண்ணுயிரிகள் பெருகுவதில்லை, ரத்தமும் காய்ந்து இறுகுவதில்லை. காரின் பின்பெட்டியிலோ கொல்லைப்புற மூலையிலோ சுருட்டிப் போட்டுவிட்டு அடுத்த வாரம் பார்ப்போம் என்பது மட்டும் வேண்டாம். 4 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இறைச்சியில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிப்பது, இறைச்சிச் சாறு ஊறிய துணிக்கும் அப்படியே பொருந்தும்.

துவைக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முதலில் கையுறை அணிந்துகொள்ள வேண்டும். காட்டுப்பன்றியின் ரத்தத்திலிருந்து புரூசெல்லா நோய்க்கிருமியும், முயலினத்திலிருந்து துலரேமியாக் கிருமியும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. விரலில் சிறு கீறல் இருந்தாலும் போதும். பிறகு பையை வீட்டுக்கு வெளியே உதறி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஒட்டியிருக்கும் முடி, கொழுப்புத் துணுக்கு, சருகு, எலும்புச் சில்லு ஆகியவற்றைக் கையால் எடுத்துவிட வேண்டும். அடிமூலையிலுள்ள தையல் மடிப்பை இரு கட்டைவிரல்களாலும் பிரித்துப் பார்த்தால், துணி முழுவதும் சுத்தமாகத் தெரியும் பையிலும் அந்த மடிப்புக்குள் கருஞ்சிவப்பாய்ப் பிசுபிசுவென்று ஒரு கோடு ஓடுவது தெரியும். பை முடைநாற்றம் அடிக்கத் தொடங்குவது எப்போதும் அந்த இடத்திலிருந்துதான். சுருக்குக் கயிறு ஓடும் வாய்மடிப்பும் அதைப் போன்றதே. கயிற்றை இழுத்து வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துத் தனியாக அலசுவது நலம். பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டால் மடிப்பு முழுவதையும் தேய்த்துவிடலாம்.

அதன்பின் பெரிய வாளியில் குளிர்ந்த நீர் நிரப்பி, பையை அமுக்கி, கசக்கி, நீரை மாற்ற வேண்டும். முதல் நீர் செக்கச்செவேலென்று வரும், அடுத்தது இளஞ்சிவப்பாகும், பிறகு கலங்கலாக மட்டும் இருக்கும். நீர் தெளியும்வரை சோப்பைத் தொட வேண்டியதில்லை. இந்த நிலையில் பலர் ஒரு கைப்பிடி உப்புப் போடுகிறார்கள். அதனால் தீங்கில்லை, சிறிது பயனும் உண்டு. ஆனாலும் உண்மையான வேலையைச் செய்வது குளிர்ந்த நீரும், அதை அலுக்காமல் மாற்றுகிற கையும்தான்.

நீர் தெளிந்தபின், புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத்தூளைக் கரைத்து அதில் பையைச் சில மணி நேரமோ இரவு முழுவதுமோ ஊறவைக்க வேண்டும். புரோட்டியேஸ் எனப்படும் இந்த நொதி, புரதத்தின் நீண்ட சங்கிலிகளை நீரில் கரையக்கூடிய சிறு துண்டுகளாக அறுத்துவிடுகிறது. இது வேலை செய்ய நேரம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் முழுப் பயன் கிடைக்காது. நீர் கொதிக்கும் அளவு சூடாக இருந்தாலும் நொதி செயலிழந்துவிடும். சலவைத்தூள் மணமற்றதாக இருக்கட்டும். மல்லிகை மணமும் ரோஜா மணமும் உடுப்புக்கு இனிமையாக இருக்கலாம். அடுத்த வேட்டையில் ஈரமான இறைச்சி அந்தத் துணியை மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மணம் இறைச்சிக்குள் ஏறிவிடும். இன்னும் விடாத புள்ளிகள் மீது மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது ஊற்றினால், ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்ற நொதியோடு சேர்ந்து நுரைத்துக்கொண்டு கறையைக் கிளப்பிவிடும். வண்ணத்துணியாக இருந்தால் ஓரத்தில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் போனபிறகு கொழுப்பு. ரத்தத்துக்குக் குளிர் எவ்வளவு தேவையோ அவ்வளவு கொழுப்புக்குச் சூடு தேவை. மானின் கொழுப்பு கெட்டியானது; குளிர்ந்த நீரில் அது மெழுகுபோல் துணியில் அப்பிக்கொண்டு நிற்கும். விடாமல் தங்கும் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கும். எனவே ரத்தக்கறை முற்றிலும் விட்டதென்று உறுதிசெய்துகொண்டபின், பையின் விவரச்சீட்டு அனுமதிக்கும் அளவு சூடான நீரில் இரண்டாம் முறை சோப்பிட்டுத் துவைக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் மணமற்ற சோப்புநீரைக் கொழுப்புப் படிந்த இடங்களில் நேரடியாகத் தேய்ப்பதும் நன்றாக வேலை செய்கிறது. இந்த இரண்டு துவையலையும் ஒன்றாக்கிவிட முயல்வதால்தான் பாதிப் பைகள் கெடுகின்றன. குளிர்ந்த நீரில் மட்டும் துவைத்து நிறுத்தியவரின் பை சிக்கு நாறும், எடுத்தவுடன் வெந்நீருக்குப் போனவரின் பை கறைபடிந்து நிற்கும்.

சலவை இயந்திரத்தில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையால் அலசி நீர் தெளிந்தபிறகு போடலாம். முடியும் கொழுப்புமாக அப்படியே போட்டால் வடிகுழாயும் வடிகட்டியும் அடைபடும். முன்புறம் கதவுள்ள இயந்திரங்களில் ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் முடி போய்ச் சேரும். பைகளை மட்டும் தனியாகப் போட வேண்டும், குழந்தைகளின் உடுப்போடு சேர்த்தல்ல. முடிந்ததும் இயந்திரத்தை ஒருமுறை துணியில்லாமல் வெந்நீரில் ஓடவிட வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. அது இழையின் மேல் எண்ணெய்ப் பசைபோன்ற படலத்தை விட்டுச்செல்வதால்தான் துணி மென்மையாகத் தோன்றுகிறது; அதே படலம் காற்றுப் போகும் கண்களை மூடும், மணத்தையும் இறைச்சியில் சேர்க்கும். கடைசியாக, நுரை அறவே நிற்கும்வரை அலச வேண்டும். அலசிய துணியைக் கண்ணாடிக் குவளைக்குள் பிழிந்து பாருங்கள். நீரின் மேல்விளிம்பில் குமிழி வளையம் நின்றால் இன்னும் சோப்பு இருக்கிறது என்று பொருள்.

கிருமிநீக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. பருத்திப் பைகளைத் துவைத்தபின் கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டெடுப்பதே எளிய வழி, வேறெதுவும் தேவையில்லை. செயற்கை இழைப் பைகளுக்குக் கொதிநீர் ஒவ்வாது. அவற்றுக்கு ஆக்சிஜன் பிளீச் என்று விற்கப்படும் சோடியம் பெர்கார்பனேட் ஏற்றது. அது நீரில் கரைந்தவுடன் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. குளோரின் பிளீச் நைலான் இழையை அரித்து வலுவிழக்கச் செய்யும். அதைவிடக் கவலை தருவது வேறொன்று. ஈக்களை விரட்டுவதற்காக இறைச்சியின் மேலும் பையின் மேலும் சிட்ரிக் அமிலக் கரைசல் தெளிக்கும் வழக்கம் வேட்டைக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. மேற்பரப்பு புளிப்பேறுவதால் கிருமிகளின் வளர்ச்சியும் மட்டுப்படுகிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் அமிலம் ஊறிய பையை அலசாமல் குளோரின் பிளீச்சில் போட்டால் குளோரின் வாயு வெளிப்படும். கதவு மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். வினிகருக்கும் இதே விதிதான். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு குளோரின் பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். இந்த ஒரு செய்தியையாவது தங்கள் நாளிதழ் கொட்டை எழுத்தில் வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இவ்வளவு அக்கறை தேவைதானா, சமைக்கும்போது கிருமி செத்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். நன்றாக வெந்த இறைச்சியில் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது உண்மை. ஆனால் எல்லா இறைச்சியும் வேகவைத்து உண்ணப்படுவதில்லை. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஈ கோலை ஓ157 கிருமியால் சிலர் நோய்வாய்ப்பட்டபோது, வீட்டில் உலர்த்திய மான் இறைச்சிதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கே பைமீது பழி எதுவும் சொல்லப்படவில்லை. காட்டு மானின் இறைச்சியிலும் அந்தக் கிருமி இருக்கக்கூடும், மிதமான சூட்டில் உலர்த்துவது அதைக் கொல்லப் போதாது என்பதையே அந்நிகழ்ச்சி காட்டியது. அப்படிப்பட்ட கிருமி சென்ற பருவத்தின் விலங்கிலிருந்து இந்தப் பருவத்தின் இறைச்சிக்குத் தாவுவதற்குப் பை பாலமாக அமையக் கூடாது. அது மட்டுமல்ல, கழுவாத பையை வைத்த இடத்திலும், கழுவிய தொட்டியிலும், தொட்ட கையிலும் கிருமி பரவும். பச்சைக் காய்கறி அலம்பும் சமையலறைத் தொட்டியில் இப்பைகளை அலசவே கூடாது.

துவைத்தாலும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. மானினத்தைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோயைத்தான் சொல்கிறேன். 1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய், பின்னர் அந்நாட்டின் பல மாநிலங்களிலும் கனடாவிலும் தென்கொரியாவிலும் கண்டறியப்பட்டது. 2016இல் நார்வேயின் துருவ மான்களிடமும் (ரெயின்டீர்) தென்பட்டது. இதை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. பிரியான் எனப்படும், வடிவம் பிறழ்ந்த ஒரு புரதம். அது கொதிநீருக்கும் சாராயத்துக்கும் சாதாரண சோப்புக்கும் அசையாது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை என்றாலும், நோய் பரவியுள்ள பகுதிகளில் வேட்டையாடிய விலங்கைப் பரிசோதித்த பிறகே உண்ண வேண்டும் என்று பொதுச் சுகாதார அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. வீட்டுப் பயன்பாட்டு பிளீச்சை 40 சதவீதக் கரைசலாக்கி, அதில் ஐந்து நிமிடம் வைத்தால் துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பில் உள்ள பிரியான்கள் செயலிழக்கின்றன என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் திடமான திசுத் துண்டுக்குள் அந்தக் கரைசல் ஊடுருவுவதில்லை என்பதையும் அதே ஆய்வு கூறியது. கத்திக்கு இது வழிகாட்டும். மடிப்பும் தையலும் திசுத் துணுக்கும் நிறைந்த துணிக்கு இதை நம்பி இறங்க முடியாது. ஆகவே நோய்ப் பகுதிகளில் ஒவ்வொரு விலங்குக்கும் தனிப் பை வைத்து, எந்தப் பை எந்த விலங்குக்கு உரியது என்று சீட்டுக் கட்டி, பரிசோதனை முடிவு வரும்வரை மற்றவற்றோடு கலக்காமல் வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானால், அப்பகுதி வனவிலங்குத் துறை சொல்லும் முறைப்படி இறைச்சியோடு பையையும் அகற்றிவிட வேண்டும். நல்ல பை போகிறதே என்று மனம் வருந்தினாலும் அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

உலர்த்துதலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றோட்டமுள்ள கொடியில், உட்புறம் வெளியே தெரியும்படி, வாயை அகலத் திறந்து தொங்கவிட வேண்டும். வெயில் நல்லது, ஆனால் நாள்கணக்கில் வெயிலிலேயே விட்டால் புற ஊதாக் கதிர்கள் நைலான் இழையை நைந்துபோகச் செய்யும். சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தைத் தவிர்க்கலாம். எங்கேனும் கறை மிச்சமிருந்தால் அந்தச் சூடு அதை நிரந்தரமாக்கிவிடும். துணி தொடுவதற்குக் காய்ந்தது போலிருந்தாலும் தையல் மடிப்பும் கயிற்று ஓட்டையும் ஈரமாகவே இருக்கும். அவை காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்த பையை எடுத்து வைப்பதற்கு முன்பு இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது, பையின் ஒரு மூலையை நீரில் நனைத்து, சில நிமிடம் கழித்து முகர்ந்து பார்ப்பது. உலர்ந்த துணியில் ஒளிந்திருக்கும் வாடை நனைந்தவுடன் வெளிப்பட்டுவிடும். வாடை வந்தால் துவையல் முடியவில்லை. மங்கலான பழுப்பு நிழல் மட்டும் நின்று, வாடை இல்லை, தொட்டால் விறைப்பும் இல்லை என்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது, பைக்குள் கையை விட்டு விரித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பது. எலும்பு முனை குத்திய துளைகள் அப்போது ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஈ ஒன்று நுழைய அப்படியொரு துளை போதும். நுழையாவிட்டாலும், துணி இறைச்சியோடு ஒட்டிய இடத்தில் துளையின் வழியே முட்டையிட்டுவிடும், வெப்பமான நாளில் ஒரே நாளுக்குள் அவை புழுவாகிவிடும். சிறு துளையைப் பாலியெஸ்டர் நூலால் நெருக்கித் தைத்துவிடலாம். பருத்தி நூல் ஈரத்தில் விரைவில் இற்றுப்போகும். இழைகள் விலகி, நெசவே தளர்ந்துபோன பைக்கு இறைச்சி சுமக்கும் பணியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பெட்ரோல், மண்ணெண்ணெய், துப்பாக்கி எண்ணெய், பாச்சை உருண்டை ஆகியவை இருக்கும் அலமாரியில் இப்பைகள் இருக்கக் கூடாது. துணி வாடையைப் பிடித்துக்கொள்ளும், இறைச்சிக்கும் கொடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியைவிடச் சுத்தமான பருத்தி உறையில் போட்டு எலி எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

காட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியதும் உண்டு. ரத்தத்தில் முழுக்க நனைந்த பையை மாற்றாமல் விட்டால் அது காற்றை விடாது. கூடுதலாக ஒன்றிரண்டு பை கொண்டுபோவதே வழி. நனைந்ததை அங்கேயே அலச நேர்ந்தால், ஓடையில் இறங்கி அலசக் கூடாது. நீரை முகந்துகொண்டு, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப்போய் அலசி, அழுக்கு நீரை மண்ணில் பரவலாகக் கொட்ட வேண்டும். தங்கியிருக்கும் கூடாரத்துக்கு அருகிலும் கொட்டலாகாது. ரத்த வாடைக்குக் கரடி போன்ற விலங்குகள் தேடிவரும். காட்டில் சோப்பு வேண்டியதேயில்லை, நீர் போதும்.

இதில் ஒரு குடும்ப நியாயமும் இருக்கிறது. வேட்டைக்குப் போய் வந்தவர் களைப்பாறும்போது, ரத்தம் தோய்ந்த பைகள் அழுக்குத் துணிக் கூடைக்குப் போய்விடுகின்றன. எந்த விலங்கு, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது, அமிலம் தெளித்தார்களா என்ற எதுவும் தெரியாதவர் கையுறைகூட இல்லாமல் அவற்றை எடுத்துத் துவைக்க நேர்கிறது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. விலங்கைக் கொன்றவர் இறைச்சியை வீணாக்காமல் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் ஏற்கிறார். பையைத் துவைத்துக் காயவைப்பது அந்தப் பொறுப்பின் பகுதியே. அடுத்தவரிடம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பை தயாரிப்பாளர்களிடமும், வேட்டைப் பயிற்சி தருகிறவர்களிடமும் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகோள் ஒன்றை முன்வைக்கிறேன். ‘துவைத்துப் பயன்படுத்தலாம்’ என்று உறையில் அச்சிட்டு விற்பதோடு தயாரிப்பாளரின் கடமை முடிவதில்லை. எந்த இழை, எத்தனை டிகிரி சூடு தாங்கும், எந்த பிளீச் ஆகாது என்ற மூன்று விவரங்களும் பையின் வாய்மடிப்பில், துவைத்தாலும் அழியாத மையில் இருக்க வேண்டும். உறையில் அச்சிட்டது உறையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. கிருமி எதிர்ப்புப் பூச்சு இட்ட பைகளை விற்பவர்கள், அந்தப் பூச்சு எத்தனை துவையல் வரை நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சு இருக்கிறதென்று நம்பித் துவைப்பதையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் துப்பாக்கிப் பாதுகாப்புக்கும் உரித்தலுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கி, ரத்தம் தோய்ந்த உண்மையான பை ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் இன்னொன்றை வெந்நீரிலும் மாணவர்கள் கண்முன்னே அலசிக் காட்டினால், அச்சிட்ட அறிவுரை எதுவும் வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்